வாகனக் கேள்வி பதில்: மூன்று சிலிண்டர் எஸ்டேட் குடும்பத்தை இழுக்குமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டின் டீசல் கார். யூலெஸ் கட்டணம் (லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான நாள் கட்டணம்) எங்கள் பகுதிக்கும் வந்துவிட்டதால் அதை விற்றுவிட்டு, 2017ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. 318ஐ டூரிங் ஒன்றை வாங்க நினைக்கிறேன். கூரையைப் பின்வரை நீட்டி, சாமான் இடத்தைப் பெரிதாக்கிய எஸ்டேட் வகைக் கார் அது. நானும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அதில் போக வேண்டும். 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் என்று கேட்டதும் என் மைத்துனர், "இது மினி காரின் இன்ஜின், அவ்வளவு பெரிய வண்டியை இழுக்காது" என்கிறார். அவர் சொல்வது சரிதானா?
- வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: மினியின் இன்ஜின் என்பது உண்மை, இழுக்காது என்பது உண்மையல்ல. மினி கூப்பரில் இருக்கும் அதே குடும்பத்து இன்ஜினைத்தான், மினியையும் தயாரிக்கும் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், 2015இல் தன் 3 வரிசைக் கார்களை மேம்படுத்தியபோது அவற்றில் ஒன்றான 318ஐ மாடலுக்குக் கொடுத்தது. ஆனால், இதே 1.5 லிட்டர் இன்ஜினின் வலுவூட்டிய வடிவம் அவர்களுடைய ஐ8 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 231 குதிரைத்திறன் தந்தது என்பதையும் மைத்துனரிடம் சொல்லுங்கள். சிலிண்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, மூன்று சேர்ந்தால் 1.5, நான்கு சேர்ந்தால் 2.0, ஆறு சேர்ந்தால் 3.0 என்று ஒரே வார்ப்பில் அமைந்த குடும்பம் இது.

திறனைக் கொள்ளளவால் அளக்கும் பழக்கம், வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ இல்லாத காலத்தில் பொருந்தியது. 2001இல் வந்த 318ஐ காரில் 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. அது 143 குதிரைத்திறனையும், நிமிடத்துக்கு 3750 சுழற்சியில் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவையையும்) தந்தது. நீங்கள் பார்த்திருக்கும் 1.5 லிட்டர் டர்போவின் குதிரைத்திறன் 136தான், ஆனால் முறுக்குவிசை 220 நியூட்டன் மீட்டர். அதுவும் 1250 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. சிக்னலில் நின்று புறப்படும்போதும், ரவுண்டானாவில் இடைவெளி பார்த்து நுழையும்போதும் நமக்குத் தேவைப்படுவது இந்தக் கீழ்ச்சுழற்சி இழுவைதான் என்பதால், நகரத்துக்குள் இந்த வண்டி பழைய 2.0 லிட்டரைவிடச் சுறுசுறுப்பாகவே இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறக்குறைய 9 விநாடி ஆகும். குடும்ப வண்டிக்கு அது போதும்.

டர்போவுக்கு மூன்று சிலிண்டர் ஏன் ஒத்துப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சிலிண்டரில் ஒவ்வொரு எரிப்புக்கும் இடையே, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு 240 பாகை சுழல்கிறது. நான்கு சிலிண்டரில் 180 பாகைதான். அதனால் ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் நேரத்தில் அடுத்ததன் புகை வந்து முட்டுவதில்லை. டர்போவின் சக்கரத்துக்கு ஒவ்வொரு தள்ளலும் முழுதாகக் கிடைக்கிறது. இதே அமைப்புக்கு ஒரு குறையும் உண்டு. மூன்று பிஸ்டன்களும் மேலும் கீழும் போகும்போது இன்ஜின் முன்னும் பின்னுமாக ஆடப் பார்க்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்கென்றே கிராங்குக்கு எதிர்த்திசையில் சுழலும் சமன்தண்டு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆயினும் குளிர்காலக் காலையில் நின்ற நிலையில் ஒரு மெல்லிய அதிர்வை ஸ்டியரிங்கில் உணர்வீர்கள்; அழுத்தி ஓட்டும்போது எழும் உறுமலிலும் கார உறைப்பு இருக்குமே தவிர இனிமை இருக்காது. ஆறு சிலிண்டரின் இசைக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டியில் இந்தச் சத்தம் சிலருக்கு உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை.

உங்களை எச்சரிக்க வேண்டிய இடம் வேறு. நீங்கள் டீசலிலிருந்து வருகிறீர்கள். இதே காலத்து 318டி டீசல் 320 நியூட்டன் மீட்டர் தந்தது. ஐந்து பேரும் ஏறி, டிக்கியும் நிறைந்து, நெடுஞ்சாலை ஏற்றத்தில் போகும்போது, டீசலில் கியர் மாற்றாமலே ஏறிய இடத்தில் இந்த வண்டி ஒன்றிரண்டு கியர் இறங்கித்தான் ஏறும். ஆகவே வாய்ப்பிருந்தால் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் உள்ள வண்டியைத் தேடுங்கள். அது இந்த வேலையை நம்மைக் கேட்காமலே செய்துவிடும். விற்பனையாளர் உடன் வந்து ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து லண்டன் திரும்பும் எம்40 சாலையில் சில்டர்ன் குன்றுகளில் ஏறும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே குடும்பத்தோடு ஒருமுறை ஏறிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

அந்த ஓட்டத்தில் பின்சீட்டின் நடுவில் யார் உட்காருவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்சக்கர இயக்க வண்டி என்பதால் தரையின் நடுவே உயரமான மேடு இருக்கிறது. மூன்றாவது பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தால், இன்ஜினைவிட இந்த மேடுதான் வீட்டில் அதிகம் பேசப்படும். யூலெஸ்ஸைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளிலும், விதியை நிறைவுசெய்யாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண்டு கட்டணம்; டீசல் என்றால் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம் வேண்டும், பெட்ரோல் என்றால் யூரோ 4 தரம் இருந்தாலே போதும். நீங்கள் பார்த்திருக்கும் வண்டி யூரோ 6 தரத்தது. இன்னொன்று: 2017 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் பதிவான கார்களுக்குச் சாலைவரி கரியமில வாயு அளவைக் கொண்டும், அதற்குப் பின் பதிவானவற்றுக்கு ஒரே விகிதத்திலும் கணக்கிடப்படுகிறது. 2017ஆம் ஆண்டு வண்டி என்று மட்டும் தெரிந்தால் போதாது. பதிவு மாதத்தையும் கேளுங்கள்.

கேள்வி: ஆடி ஏ4 அவான்ட் 1.4 என்ற எஸ்டேட்டைப் பார்த்தேன். அதே 1.4 டர்போ பெட்ரோல் இன்ஜின் ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டிலும் இருக்கிறதாமே? அப்படியானால் அதிகப் பணம் எதற்கு?
- வாசகர், சூரிச்

பதில்: இரண்டும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஒரே இன்ஜின் குடும்பம்தான். 2015இல் அறிமுகமான ஏ4இலும், அக்காலத்து ஆக்டேவியாவிலும் அது தருவது 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். டிக்கியோ ஏ4 அவான்ட்டில் 505 லிட்டர், ஆக்டேவியாவில் 610 லிட்டர். அதாவது, குறைந்த விலை வண்டியில் நூறு லிட்டருக்கு மேல் கூடுதல் இடம். பி.எம்.டபிள்யூ. டூரிங்கின் 495, மெர்சிடிஸ் சி வகுப்பு எஸ்டேட்டின் 490 ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பிரீமியம் எஸ்டேட் என்பது சாமான் ஏற்றுவதற்காகவே உருவான வண்டி அல்ல என்பது விளங்கும்.

அதற்காக அதிக விலையெல்லாம் முத்திரைக்குக் கொடுக்கும் விலை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆக்டேவியாவில் குறுக்காக வைத்த இன்ஜினை ஆடியில் நெடுக்காக வைத்திருக்கிறார்கள்; முன்சக்கரங்களுக்கு ஐந்து இணைப்புகள் கொண்ட சஸ்பென்ஷன் இருக்கிறது; நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சலும் டயரின் இரைச்சலும் உள்ளே குறைவாகவே கேட்கின்றன. நாளும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர் மாலையில் இறங்கும்போது இந்த வேறுபாட்டை உடம்பில் உணர்வார். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்கும் பள்ளிக்கும் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் ஓட்டம் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. சாமான்தான் முதல் தேவை என்றால், தயங்காமல் ஸ்கோடாவை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தில் நல்ல குளிர்கால டயர்கள் போடுங்கள்.

கேள்வி: சிறிய இன்ஜின் என்றால் வரி மிகவும் குறையும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: ஜெர்மனியில் பெட்ரோல் காருக்கு ஒவ்வொரு 100 கன சென்டிமீட்டருக்கும் ஆண்டுக்கு 2 யூரோ. 1.5 லிட்டருக்கு 30 யூரோ, 2.0 லிட்டருக்கு 40 யூரோ. வேறுபாடு வெறும் 10 யூரோ. கரியமில வாயுவுக்கான பகுதி இதற்கு மேல் தனி. டீசலுக்கு அதே 100 கன சென்டிமீட்டருக்கு 9.50 யூரோ என்பதால், 2.0 லிட்டர் டீசலிலிருந்து மாறுபவர் மட்டும் சேமிப்பைக் கண்ணால் காண்பார்.

கேள்வி: இப்போதைய 318ஐ மீண்டும் 2.0 லிட்டர் ஆகிவிட்டதே, ஏன்? சிறிய இன்ஜின் தோற்றுவிட்டதா?
- வாசகர், பாரிஸ்

பதில்: ஆம், 2019இல் விற்பனைக்கு வந்த தலைமுறையில் 318ஐ 156 குதிரைத்திறன் கொண்ட 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் வண்டி. ஆடியும் 1.4ஐ விட்டு, அதே 150 குதிரைத்திறனை 2.0 லிட்டரில் தரத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி அளந்த காலத்தில் சிறிய இன்ஜின் காகிதத்தில் மிகச் சிக்கனமாகத் தெரிந்தது. 2017 செப்டம்பர் முதல் புதிய மாடல்களை உண்மையான சாலையிலும் ஓட்டிப் புகையை அளக்கும் முறை வந்தபோது, அழுத்தி ஓட்டப்படும் சிறிய இன்ஜின் எரிபொருளை அள்ளிக் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஆனால் இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். மெர்சிடிஸ் நேர்மாறாகப் போனது: 1.6 லிட்டராக இருந்த சி180, புதிய தலைமுறையில் 48 வோல்ட் மின் உதவியோடு 1.5 லிட்டராகியது.

கேள்வி: பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை நம் சென்னைக்கு அருகிலேயே இருந்தும் டூரிங் ஏன் இங்கே விற்பனைக்கு வரவில்லை?
- வாசகர், தாம்பரம்

பதில்: மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் அந்த ஆலையில் 3 வரிசை செடானும், உயர்ந்த பின்கதவு கொண்ட கிராண்ட் டூரிஸ்மோவும் பாகங்களைப் பொருத்தி உருவாக்கப்பட்டன, எஸ்டேட்டுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் இயலாது. 1992இல் வந்த டாடா எஸ்டேட், பின்னர் மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், இண்டிகோ மரினா, ஆக்டேவியா காம்பி என்று வந்தவை எவையும் நம்மிடம் நிலைக்கவில்லை. சாமான் ஏற்ற வேண்டும் என்றால் நம்மவர் உயரமான வண்டியைத்தான் கேட்கிறார்கள். பள்ளமும் வேகத்தடையும் நிறைந்த சாலையில் அது நியாயமான ஆசையும்கூட. ஒரு சுவையான செய்தி: முதல் 3 வரிசை டூரிங்கே நிறுவனத் திட்டத்தில் பிறந்ததல்ல. மாக்ஸ் ரைஸ்பக் என்ற பி.எம்.டபிள்யூ. பொறியாளர், தம் குடும்பத்தின் சாமான்களுக்கு இடம் போதாமல், அடிபட்ட ஒரு செடானை 1980களின் நடுவில் நண்பர் ஒருவரின் கொட்டகையில் வெட்டி ஒட்டி எஸ்டேட் ஆக்கினார். அதைப் பார்த்த நிறுவனம் 1987இல் அதை விற்பனை வண்டியாக அறிவித்தது.

கேள்வி: எட்டு வயதான இத்தகைய டர்போ எஸ்டேட் ஒன்றை வாங்கும்முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், பர்மிங்காம்

பதில்: முதலில் சர்வீஸ் பதிவு. இவ்வகை வண்டிகளின் கணினி, ஆயில் மாற்ற 30,000 கி.மீ. வரைகூடக் காத்திருக்கச் சொல்லும். டர்போவின் தண்டு சுழல்வதே ஆயில் படலத்தின் மேல்தான் என்பதால் அந்த இடைவெளி எனக்கு உடன்பாடில்லை, 15,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியவரிடம் வாங்குங்கள். வண்டி அதிகம் ஓடியிருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். நெடுஞ்சாலையில் ஓடிய 1,20,000 கி.மீ., நகரத்தில் இரண்டிரண்டு மைலாக ஓடிய 50,000 கி.மீ.யைவிட இன்ஜினுக்கு நல்லது. குறுகிய ஓட்டத்தில் இன்ஜின் முழுதும் சூடாவதில்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை என்பதால் உள்வாங்கும் வால்வுகளைக் கழுவ எதுவும் இல்லாமல் அங்கே கரி படிவதும் உண்டு.

வண்டியைப் பார்க்கப் போகுமுன் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது சங்கிலி உரசும் ஓசை கேட்கிறதா, நீலப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். பின்சீட்டின் முதுகுகளை மடக்கி டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்தால், ஈரமும் பழைய மோதலின் அடையாளமும் இருந்தால் தெரிந்துவிடும். 318ஐ டூரிங்காக இருந்தால் பின்கதவின் கண்ணாடி மட்டும் தனியே திறக்கும். அதைப் பலமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி ஆயிலைப் பற்றி ஒரு சொல். வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை என்று விற்பனையாளர் சொல்வார். ஆனால் அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.