கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவே வீடு: எங்கிருந்து அளப்பது?

கேள்வி: நான் சவுதியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏ.வி.எம். கால்வாய், நடுவில் எங்களுக்கு 12 சென்ட். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட ஆசை. கடல் பக்கம் கல் அடுக்கி ஒரு சுவரும், கால்வாய் பக்கம் வள்ளத்தை (சிறு படகை) கட்டிவைக்க நாலு படியும் வேண்டும். வீட்டிலிருந்து கடல் தண்ணீர் 60 மீட்டர் இருக்கும். "சொந்தப் பட்டா, கால்வாயில் படகே ஓடவில்லை, 50 மீட்டர் தாண்டினால் போதும், சர்டிபிகேட் நான் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் 75,000 ரூபாய் கேட்கிறார். என்னை ஒரு பவர் பத்திரமும் எழுதித் தரச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய் சொல்பவனை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். பாதி தெரிந்தவர்தான் ஆபத்து.

பட்டாவில் இருந்து தொடங்குவோம். மண் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும். அந்த மண்ணில் என்ன கட்டலாம் என்பதைக் கடலோரத்தில் முடிவு செய்வது வேறு சட்டம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அது. சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். உள்ளாட்சியில் பிளான் அப்ரூவல் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் சிலர் சொல்வார்கள். கேரளத்தில் மரடு அடுக்குமாடிகளுக்கு உள்ளாட்சி அனுமதி இருந்தது. உச்ச நீதிமன்றம் 2019இல் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வாங்கியவர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள்.

அடுத்தது அந்த 60 மீட்டர். எங்கிருந்து 60? உங்கள் அப்பா நேற்று சாயங்காலம் அலை நின்ற இடத்திலிருந்து அளந்திருப்பார். சட்டம் அங்கிருந்து அளப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் நாட்களில் தண்ணீர் அதிகபட்சமாக நிலத்தில் எதுவரை வருமோ, அதுதான் உயர் ஓதக் கோடு. எல்லா அளவும் அதிலிருந்துதான். கள்ளக்கடல் வந்து அடுக்களைவரை தண்ணீர் ஏறிய அன்றைய தடம் இந்தக் கணக்கில் வராது; அது எங்கோ தூரத்தில் அடித்த காற்றின் அலை, ஓதம் (அன்றாடக் கடல் ஏற்ற இறக்கம்) இல்லை. அரசு போட்ட கடல் சுவரின் அடிதான் கோடு என்று நீங்களாக முடிவு செய்வதும் கூடாது. கோட்டை வரைவதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் உண்டு. சென்னையில் இருக்கும் தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் நாடு முழுவதற்கும் கோட்டைக் குறித்திருக்கிறது. அதை வைத்துத்தான் மண்டல வரைபடங்கள் தயாராகின்றன.

வரைபடம் என்றதும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் காட்டப்படும் வரைபடத்தின் அளவு 1:25,000. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு போட்டாலே பன்னிரண்டரை மீட்டர் போய்விட்டது. உங்கள் 60க்கும் அவர் சொல்லும் 50க்கும் இடையில் இருப்பதே 10 மீட்டர்தான். கோட்டின் தடிமனுக்குள் உங்கள் வீடு முழுவதும் மறைந்துவிடும்! கிராம சர்வே எண்ணோடு பொருத்திய, ஏறத்தாழ 1:4,000 அளவிலான உள்ளூர் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதைக் கேட்டால் சில அலுவலகங்களில் நம்மை ஏதோ ராணுவ ரகசியம் கேட்டவன் மாதிரி பார்க்கிறார்கள். இணையத்தில் போட்டிருக்கிறோம் என்பார்கள். அது ஆங்கிலத்தில், திறக்கவே அரை மணி நேரமாகும் கோப்பாக இருக்கும். கட்டுமரம் தள்ளுகிறவர் அதை எந்தப் போனில் பார்ப்பார்? இந்த எரிச்சலில்தான் தரகர் பிழைக்கிறார்.

சரி, 50 மீட்டர் எங்கிருந்து வந்தது? 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கையிலிருந்து. உங்கள் ஊர் மூன்றாம் வகையில், அதாவது கிராமப்புறக் கடலோரமாக வருகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான இடம் என்றால், உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டர் மட்டும் கட்டடத் தடை. நெருக்கம் குறைவு என்றால் 200 மீட்டர். அந்த 50ஐத் தாண்டிவிட்டால் உள்ளூர் மக்கள் தரைத்தளமும் ஒரு மாடியுமாக, 9 மீட்டர் உயரத்துக்குள் வீடு கட்ட வழி இருக்கிறது. மொத்தம் 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்பு என்றால் உள்ளாட்சியே அனுமதி தரலாம், சென்னைவரை கோப்பு போக வேண்டியதில்லை.

தரகர் இவ்வளவும் சொல்வார். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 2019 விதி ஓர் இடத்தில் நடைமுறைக்கு வர, அந்த இடத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் புதிதாகத் தயாராகி, மத்திய அரசின் ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும். அதுவரை இதற்கு முந்திய 2011 அறிவிக்கையின் விதிதான். அந்த விதியில் 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கிடையாது. மீனவர் முதலான பாரம்பரியக் கடலோர மக்களின் வீட்டுக்கு மட்டும் 100 முதல் 200 மீட்டர் வரை சலுகை உண்டு. உங்கள் 60 இரண்டிலும் சேராது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எங்கள் சர்வே எண்ணுக்கு இன்றைய தேதியில் எந்தத் திட்டம் அமலில் இருக்கிறது?" இதை எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. 75,000 எங்கே, 10 எங்கே.

இனி கால்வாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் பக்கத்து மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று மூன்று பெயரைச் சுமக்கும் இந்தத் திருவிதாங்கூர்க் காலத்துக் கால்வாய் பல இடங்களில் தூர்ந்து, குப்பை சேர்ந்து கிடக்கிறது. படகு ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் சி.ஆர்.இசட். படகைப் பார்ப்பதில்லை, உப்பைப் பார்க்கிறது. ஆண்டிலேயே மழை குறைந்த காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருந்தால் அந்த இடம்வரை ஓதம் ஏறுவதாகக் கணக்கு. கடல் நீரில் இது சுமார் 35. கடலோடு நீர் கலக்கும் பொழிமுகத்தை ஒட்டிய பகுதியில் இது எளிதாக வந்துவிடும்.

அப்படி ஓதம் ஏறும் கால்வாய் என்றால் கரையிலிருந்து எவ்வளவு தூரம் கட்டுப்பாடு? 2011 விதியில் 100 மீட்டர், 2019இல் 50 மீட்டர். இரண்டிலும் கூடவே ஒரு சலுகை உண்டு: அந்தத் தூரம் அல்லது நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. உதாரணமாக, உங்கள் வீட்டருகே கால்வாய் 10 மீட்டர் அகலம் என்றால், கால்வாய்ப் பக்கத்துக் கட்டுப்பாடு கரையிலிருந்து 10 மீட்டர்தான். இது தெரியாமல், அதிகாரி "50 மீட்டர்" என்றதும் சொந்த நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. அகலத்தை அளக்கும்போதும் கவனம் வேண்டும். புதர் மண்டி, மண் சரிந்து குறுகிப்போன இன்றைய ஓடையையா அளப்பது, சர்வேயில் உள்ள கால்வாயையா என்ற தகராறு வரும். அந்தச் சண்டையை வாய்ப்பேச்சில் நடத்தாதீர்கள். புலப்படத்தின் (சர்வே எண்ணுக்கான நில அளவைப் படத்தின்) நகலைக் கையில் வைத்துக்கொண்டு, வரைபடத்தில் அந்த இடத்துக்கு எந்தக் கோடு போட்டிருக்கிறது என்று கேளுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இந்தச் சலுகை கால்வாய்ப் பக்கத்துக்கு மட்டும். கடல் பக்கம் உயர் ஓதக் கோட்டிலிருந்து வரும் 500 மீட்டர் சி.ஆர்.இசட். மண்டலம், கால்வாய் குறுகியது என்பதற்காகக் குறையாது. "கால்வாய் 10 மீட்டர், ஆகவே உங்களுக்கு 10 மீட்டர்தான்" என்று தரகர் முடிச்சுப் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வள்ளம் கட்டும் படி வேறு விஷயம். 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் பூவாறு முதல் இரையுமன்துறை வரையிலான ஏ.வி.எம். கால்வாயைத் தேசிய நீர்வழி 13 என்று அறிவித்திருக்கிறது. 11 கிலோமீட்டர். ஆகாயத்தாமரை ஓடுகிற இடத்திலும் சட்டத்தின் கண்ணில் கப்பல் ஓடலாம், என்ன செய்ய! இந்த அறிவிப்பால் உங்கள் பட்டா நிலம் பறிபோகாது. ஆனால் படி கால்வாய்க்குள் இறங்கினால் அது நீர்வழிப் புறம்போக்கில் கட்டுவது. நீர்வளத் துறையையும் உள்நாட்டு நீர்வழி ஆணையத்தையும் கேட்காமல் அதில் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். வள்ளம் கட்ட உங்கள் எல்லைக்குள் ஒரு குற்றி (மரக்கட்டை) நட்டால் போதும்.

பழைய வீட்டை இப்போது இடிக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் இடிக்கத்தான் அவசரப்படுவார். தடைப் பகுதிக்குள்ளும், முறையாக இருந்து வந்த வீட்டைப் பழுது பார்க்கவோ திரும்பக் கட்டவோ இரண்டு அறிவிக்கைகளும் இடம் தருகின்றன. பழைய அடித்தளப் பரப்பு, பழைய தளப் பரப்பு கூடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. இந்த வழியில் போனால் மாடி கிடையாது. வீடு நிற்கும்போதே நாலு பக்கமும் படம் எடுத்து, அடித்தளத்தை அளந்து வையுங்கள். பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்புத் தாள், தாத்தா காலத்து ஆதாரம் (நிலப் பத்திரம்) எல்லாவற்றையும் தேடுங்கள். ஆதாரம் மலையாளத்தில் இருந்தால் மொழிபெயர்த்துச் சான்று பெறுங்கள். முதல் சி.ஆர்.இசட். அறிவிக்கை வந்தது 1991 பிப்ரவரி 19; அதற்கு முந்திய தாள் ஒன்று கிடைத்தாலும் நல்ல பலம். இடித்தபிறகு தேடினால், இல்லாத வீட்டை இருந்தது என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும்.

கடல் பக்கச் சுவர் கூடாது. உயர் ஓதக் கோட்டுக்கும் தாழ் ஓதக் கோட்டுக்கும் இடைப்பட்ட மணல் உங்களுடையது அல்ல. அங்கே கல் போட்டுக் கடல் நீரைத் தடுப்பது அனுமதியின்றிச் செய்யக்கூடாத வேலை. கடலரிப்புத் தடுப்புக்கு விதியில் இடமுண்டு, ஆனால் அது ஆய்வும் அனுமதியும் பெற்று அரசு செய்வது. நீங்கள் தனியாகப் போட்டால் சுவர் முடியும் இடத்தில் அலை திரும்பிப் பக்கத்து வீட்டு மண்ணை அரிக்கும், அப்புறம் ஊருக்குள் பகைதான். தூண்டில் வளைவோ (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல் வரிசை) சுவரோ கேட்பதென்றால் பங்குப்பேரவை (கோயில் பங்கு மக்களின் சபை) மூலம் ஊராகச் சேர்ந்து ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். அஸ்திவாரம் நிரப்பக் கடற்கரை மணலை அள்ளவும் வேண்டாம். மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கும் தாதுக்கள் உள்ள மணல் வகை இது, வழக்கு இரட்டிப்பாகும். சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் இப்போது 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். கட்டியதை அகற்றச் சொல்லும் அதிகாரமும் உண்டு.

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் "துறைமுக எல்லை" என்றும் யாராவது பயமுறுத்தக்கூடும். பழைய 1908 துறைமுகச் சட்டத்தில், உயர் நீர்க் குறியிலிருந்து 50 கெஜம்வரை கரையைத் துறைமுக எல்லையில் சேர்க்க வழி இருந்தது. தனியார் சொத்துரிமைக்கு உட்பட்டுத்தான். 2025இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. எந்தச் சட்டமானாலும் எல்லை அரசிதழில் இருக்கும். அதைக் காட்டாதவரை கவலை வேண்டாம்.

இனி அப்பா செய்ய வேண்டியது. பட்டா, புலப்பட நகல், படங்கள், வரி ரசீது ஆகியவற்றோடு ஒரு திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கட்டும். மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் ஆட்சியர்தான் தலைவர். பதிலில் கோடு சந்தேகமாக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தை வைத்து நிலத்தின் மீது கோட்டைப் பொருத்தி வாங்கலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலை உணர்வு நிறுவனம் செய்கிறது. செலவு ஆகும், ஆனால் ரசீதோடு ஆகும்.

அப்புறம் அந்தப் பவர் பத்திரம். பட்டா அப்பா பெயரில் இருக்கும்போது உங்களிடம் எதற்குப் பவர்? வீட்டு அனுமதிக்கு மனுப் போட அப்பாவின் கையெழுத்தே போதும். நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ நினைப்பவருக்குத்தான் அப்படிப்பட்ட தாள் பயன்படும். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் வெற்று முத்திரைத்தாளோடு வீட்டுக்கு வந்தால் அப்பாவும் போட வேண்டாம் என்று இன்றே போன் செய்து சொல்லுங்கள்.