கேள்வி பதில்: கொத்துக் கொத்தா நட்சத்திரம்

கேள்வி: 6 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கியிருக்கேன். இங்க இருக்குற வெளிச்சத்துல கோளக் கொத்து (பந்து மாதிரி நெருங்கி நிக்குற நட்சத்திரக் கூட்டம்) எதாச்சும் தெரியுமா சார்?
- வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: தாராளமா தெரியும். முதல்ல ஒமேகா சென்டாரியப் பாருங்க, கிட்டத்தட்ட 17,000 ஒளியாண்டு தூரத்துல சுமார் 1 கோடி நட்சத்திரம் ஒண்ணா உருண்டு நிக்குது, லண்டன்ல இருக்கவங்களுக்கு இது அடிவானத்துக்கு மேலயே வராது, நமக்கோ தெற்குல 40 டிகிரி உயரத்துக்கு வருது, இந்த அதிர்ஷ்டத்த விட்டுடாதீங்க! மே, ஜூன் மாசம் ராத்திரி ஒம்பது மணி வாக்குல நல்ல நேரம். பீட்டா சென்டாரி நட்சத்திரத்துலேர்ந்து எப்சிலான் சென்டாரி நட்சத்திரத்துக்கு ஒரு கோடு போட்டு அதே அளவு இன்னும் நீட்டுனா அங்கதான் இருக்கும். மொதல்ல குறைஞ்ச பவர் ஐபீஸ் (கண்ணு வச்சுப் பாக்குற லென்ஸ்) போடுங்க, பஞ்சு மாதிரி மங்கலா ஒண்ணு சிக்குனதும் 100 மடங்குக்குக் கிட்ட ஏத்துங்க, நேரா உத்துப் பாக்காம கண்ண லேசா ஓரமா வச்சா ஓரத்து நட்சத்திரமெல்லாம் தனித்தனியா பிரியும், எனக்கு இன்னும் அலுக்கல. கேட்டை நட்சத்திரம் பக்கத்துல எம்4ங்கிற இன்னொரு கோளக் கொத்து இருக்கு, ஆனா அது பரவலா மங்கலா இருக்கும், நம்ம வானத்துல கஷ்டம். தனுசுல இருக்குற எம்22ங்கிற கொத்து பரவாயில்ல. அடுக்குமாடி புளோக் கீழ லைட்டுக்குப் பக்கத்துல டெலஸ்கோப்ப வைக்காதீங்க, ஈஸ்ட் கோஸ்ட்ல கடல் பார்த்த பக்கம் போங்க.