ரப்பருக்கும் ஒயினுக்கும் நடுவில் ஒரு நொதி

அன்புள்ள சார்,

சமீபத்திய அறிவியல் ஆய்வுகளைப் பற்றிய ஒரு தொகுப்பை வாசித்தேன். சிவப்பு ஒயின் குடித்தால் ஏன் தலை வலிக்கிறது என்று ஒரு ஆய்வு. ரப்பரில் சேர்க்கும் ரசாயனம் புற்றுநோய்க்கு மருந்தாகுமா என்று இன்னொன்று. இதையெல்லாம் ஏன் ஒன்றாகப் போடுகிறார்கள்? எதையும் முடிவாகவும் சொல்லவில்லை. இவற்றை நம்பலாமா?

மாதவன்

அன்புள்ள மாதவன்,

தொகுத்தவர் தெரிந்து செய்தாரோ என்னவோ, அந்த இரண்டும் பழைய சொந்தக்காரர்கள்.

மது உடலுக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு ஆகிறது. அது நச்சு. அதைத் தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றி நம்மைக் காப்பாற்றுவது ஏஎல்டிஎச்2 என்ற நொதி. இது முடங்கினால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை இடிக்கும்.

டைசல்ஃபிராம் என்று ஒரு ரசாயனம். கந்தகத்தோடு சேர்த்து ரப்பரை உறுதியாக்கும்போது, வினையை விரைவுபடுத்தப் போடுவார்கள். அதன் நெருங்கிய உறவான ரசாயனங்களைக் கையாண்ட தொழிலாளர்களுக்குக் குடித்தால் ஒத்துக்கொள்வதில்லை என்று வில்லியம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1937இலேயே எழுதினார். குடியை நிறுத்த இது உதவுமோ என்றும் கேட்டுவைத்தார். அப்புறம் டென்மார்க்கில் யென்ஸ் ஹால்டும் எரிக் யாகப்சனும் டைசல்ஃபிராமைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்தார்கள். தாங்களே மாத்திரையை விழுங்கியும் பார்த்தார்கள். மது அருந்தியபோது உடம்பு படாத பாடு பட்டது. 1948இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். குடிநோய்க்குத் தரும் அன்டபியூஸ் மாத்திரை வந்தது இப்படித்தான். அது முடக்குவதும் இந்த நொதியைத்தான்.

இப்போது ஒயினுக்கு வருவோம். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வாட்டர்ஹவுஸ் குழுவினர் 2023இல் குவர்செட்டினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். திராட்சை வெயிலுக்கு எதிராக உண்டாக்கிக்கொள்ளும் பொருள் இது; அதனால் நிறைய வெயில் பட்ட பழத்தில் அதிகம் இருக்கும். நம் உடலில் இது குளூகுரோனைடு என்ற வடிவத்துக்கு மாறுகிறது. அந்த வடிவம் ஏஎல்டிஎச்2வை முடக்குகிறது என்பது அவர்கள் கண்டது. சரியென்றால், சிவப்பு ஒயின் தன் முறிமருந்தைத் தானே தடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்! வெங்காயத்திலும் குவர்செட்டின் உண்டு. ஆனால் வெங்காயத்தோடு மது வருவதில்லை, ஆகவே அசிட்டால்டிஹைடு தேங்குவதும் இல்லை.

இந்த விளக்கம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகமும் வருகிறது. அவர்கள் பார்த்தது சோதனைக் குழாயில் இருந்த நொதியை. யாருடைய தலையும் அந்த ஆய்வில் வலிக்கவில்லை. முடிவாகச் சொல்லவில்லை என்று நீங்கள் குறைப்படுவதை நான் அவர்களுடைய நேர்மை என்று எடுத்துக்கொள்கிறேன்.

புற்றுநோய்க் கதை இன்னும் ஒரு படி போய்விட்டது. டைசல்ஃபிராம் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள், தாமிரத்தோடு சேர்ந்து, செல்லின் குப்பை அகற்றும் வேலைக்குத் தேவையான என்பிஎல்4 என்ற புரதத்தைக் குலைக்கிறது என்று 2017இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதே கட்டுரையில், அந்த மாத்திரையை விடாமல் எடுத்துவந்த டென்மார்க் புற்றுநோயாளிகளிடையே இறப்பு குறைவு என்ற தகவலும் இருந்தது. வேறு காரணங்களாலும் அப்படி ஆகியிருக்கலாம் அல்லவா? மீண்டும் தலையெடுத்த கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு, வழக்கமான கீமோவோடு டைசல்ஃபிராமும் தாமிரமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வெளியானது: ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுகள் கூடின.