மறுமொழி: ‘கொச்சிஸோஸமா’ விருந்தைக் குறிக்கும் சொல்தானா?

வணக்கம். மேலாளர் வாங்கித் தந்த ஒரு கிண்ணம் ராமெனை (நூடுல்ஸ் சூப்பை) உண்டு முடித்ததும் உடனிருந்தோர் ‘கொச்சிஸோஸமா தெஷிதா’ என்று ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னதாகவும், அகராதி அதற்கு ‘விருந்து’ என்று பொருள் தருவதாகவும் குறிப்பிட்டு, எளிய உணவுக்கு அது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும், அச்சொல்லின் வேர் உணவில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது.

நடுவிலுள்ள ‘சிஸோ’ இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. முதலாவது குதிரையை விரைந்து செலுத்துவதையும் இரண்டாவது ஓடுவதையும் குறிக்கும். அப்பொருள், பிறருக்காக அலைந்து பாடுபடுதல் என விரிந்து, விருந்தினருக்கு உணவுப்பொருள் தேடிச் சமைத்துப் படைக்கும் உபசரிப்பையும், பின்னர் அந்த உணவையுமே சுட்டலாயிற்று. ‘கொ’, ‘ஸமா’ ஆகியவை மரியாதை ஒட்டுகள். ‘தெஷிதா’ பணிவான இறந்தகால முடிபு.

விரைந்தோடும் தெய்வமான இதாத்தென், புத்தருக்காக ஓடி உணவு திரட்டியதிலிருந்தே இச்சொல் பிறந்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. அதைச் சொற்பிறப்பாக நான் ஏற்கமாட்டேன். எனினும், இதாத்தென் என்பவர் பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்ற நம் கந்தனே என்பதும், ஜென் மடங்களின் சமையற்கூடங்களில் அவருக்கு இடமுண்டு என்பதும் உண்மை.

மேலாளரிடம் பேசும்போது ‘தெஷிதா’வை விட்டுவிடாதீர்கள். மறுநாள் அவரைக் காணும்போது, ‘நேற்று’ என்னும் பொருளில் ‘கினோ வா’ என்று முன்சேர்த்து மீண்டும் ஒருமுறை சொல்வது அங்குள்ள நல்ல வழக்கம். நீங்களே பணம் கொடுத்து உண்டாலும், கடையை விட்டு வெளியேறும்போது கடைக்காரரிடம் இதைச் சொல்லலாம்.