பி.எஸ்சி கெமிஸ்ட்ரியா என்று முகம் சுளிக்கும் பெரியப்பாக்களுக்கு

போன வாரம் ஓர் அப்பா, அம்மா, ப்ளஸ் டூ முடித்த அவர்கள் பெண், மூன்று பேரும் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா கையில் நான்காக மடித்த ஒரு தாள். கணக்கை 100-க்கும், பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கிக் கூட்டி, 200-க்கு 168 என்று கட்-ஆஃப் போட்டு, கீழே ரெண்டு கோடு இழுத்திருந்தார். அழுத்தி இழுத்ததில் அந்த இடத்தில் தாளே கிழிந்திருந்தது.

வழக்கம்போல "நல்ல மார்க்தான் சார், பயப்பட ஒன்றுமில்லை" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டபிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க மனசு வரவில்லை. கவுன்சிலிங்கில் நினைத்த காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதாம், அதனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு சீட் பேசி வைத்திருக்கிறார், நாலு வருஷத்துக்கு பதிமூன்று லட்சம், பாதிக்கு கல்விக்கடன், மீதிக்கு இருக்கிற ஒரே மனையை விற்பது. இதை முடிவு செய்தது யார் என்றால் அவருடைய அண்ணன். அண்ணன் மகன் அதே படிப்பை அதே மாதிரி சீட்டில்தான் படித்தானாம்.

பெண்ணிடம் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். "இவ கெமிஸ்ட்ரி படிக்கணும்னு சொல்றா சார். பி.எஸ்சி படிச்சா டீச்சர் வேலைதான், அதுக்கா இவ்வளவு மார்க்குன்னு பெரியப்பா திட்டிட்டார்" என்றார் அம்மா. அப்புறம் தயங்கித் தயங்கி அந்தப் பெண் பையிலிருந்து கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கிராஃப். அப்பாவின் பழைய செல்போன் 100 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஞாயிறுதோறும் குறித்திருக்கிறாள், பதினான்கு வாரம். பென்சிலால் புள்ளி வைத்து, கோடு எங்கே வளைகிறது என்று ஒரு கேள்விக்குறி. யாரும் செய்யச் சொல்லவில்லை. மார்க்கும் கிடையாது.

சார், இதற்குப் பெயர்தான் பிசிக்கல் கெமிஸ்ட்ரி என்றேன் அப்பாவிடம். ஒரு பொருள் நேரத்தோடு எப்படி மாறுகிறது, ஏன் அந்த வேகத்தில் மாறுகிறது, அதை எந்தச் சமன்பாடு சொல்லும். இந்த மூன்று கேள்விகளைக் கேட்பதற்கு இந்த நாட்டில் அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுக்கிறது. நீங்கள் மனையை விற்கப் பார்க்கிறீர்கள்.

நீட், ஜேஇஇ, ஐசர் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அதற்கெல்லாம் தெருவுக்கு ஓர் ஆள் இருக்கிறார். நான் சொல்ல வருவது யாரும் விளம்பரம் செய்யாத ஒரு வழி. அதற்கு விளம்பரம் இல்லாததற்குக் காரணம், அதில் கட்டணம் வசூலிக்க யாருக்கும் பெரிதாக எதுவும் இல்லை.

முதல் மூன்று வருடம் ஒரு அரசு கலைக் கல்லூரியிலோ, அரசு உதவிபெறும் பழைய கல்லூரியிலோ பி.எஸ்சி கெமிஸ்ட்ரி. இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறைய பேர் விழுகிறார்கள். கெமிஸ்ட்ரியோடு அலைடு பேப்பர் என்று ஒன்று வரும், அதாவது துணைப் பாடம். சில கல்லூரிகளில் கணக்கும் பிசிக்ஸும், சில இடங்களில் தாவரவியலும் விலங்கியலும். கணக்குக்குப் பயந்து இரண்டாவதை எடுக்கும் பிள்ளைகள், இந்தப் பக்கம் வர ஆசை இருந்தால், தங்கள் காலைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். பிசிக்கல் கெமிஸ்ட்ரி என்பது பாதி கணக்கு. குவாண்டம் வந்தால் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், ஸ்பெக்ட்ரோஸ்கோபி வந்தால் மேட்ரிக்ஸ். அலைடு கணக்கு இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்னால் கேளுங்கள். கட்டடத்தையும் ஏசி பஸ்ஸையும் அப்புறம் பார்க்கலாம்.

மூன்றாம் வருடம் பிப்ரவரியில் ஐஐடிகள் நடத்தும் ஜாம் என்கிற எம்.எஸ்சி நுழைவுத் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். அதில் 20 கேள்விக்கு ஆப்ஷனே கிடையாது, விடையை எண்ணாகக் கணக்குப்போட்டு உள்ளிட வேண்டும், குருட்டாம்போக்கில் டிக் அடிக்க முடியாது. வேதியியல் தாளின் பாடத்திட்டத்தில் அடிப்படைக் கணிதமும் இருக்கிறது. இதில் நல்ல ரேங்க் வந்தால் ஐஐடியில் எம்.எஸ்சி. பெங்களூர் ஐஐஎஸ்சியிலும், வேதியியல் விஞ்ஞானி சி.என்.ஆர். ராவ் 1989-ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்திலும் இதே ஜாம் மதிப்பெண்ணையும் நேர்முகத்தையும் வைத்து இன்டகிரேட்டட் பிஎச்டிக்கு எடுக்கிறார்கள். பி.எஸ்சி முடித்த கையோடு நேராக பிஎச்டிக்குள். முதல் வருடங்களில் உதவித்தொகை சின்னது, பிறகு மற்ற ஆய்வு மாணவர்களுக்குச் சமமாகிவிடும். பாரத ரத்னா வாங்கிய அந்த ராவ் அவர்களும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1951-ல் பி.எஸ்சி முடித்தவர்தான். அவருக்கு எந்தப் பெரியப்பா என்ன சொன்னாரோ!

எம்.எஸ்சி வழியாகப் போனால் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு, அதில் நல்ல ரேங்க் வந்தால் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை. இந்த இடத்தில் அப்பா பேனாவை எடுத்தார், நானும் நிதானமாகவே சொன்னேன். 2023 ஜனவரியில் உயர்த்திய கணக்குப்படி, பிஎச்டியின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்கடுத்து மாதம் 42,000. ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் 24 லட்சம், வீட்டு வாடகைப்படி தனி. தொகை சில மாதம் தாமதமாக வருவதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், கையில் கொஞ்சம் சேமிப்பு வேண்டும். ஆனால் கடன் வேண்டாம்.

சரி, இப்போது காரைக்குடிக்கு வருவோம். இந்த ஊரில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, சிக்ரி என்பார்கள், எத்தனை பெற்றோருக்குத் தெரியும் என்று நானே வருகிறவர்களிடம் கேட்டுப் பார்ப்பேன், பத்தில் ஒருவர் தலையாட்டினால் அதிகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி, எரிபொருள் மின்கலம், மின்முலாம், துரு, எல்லாம் அங்கே ஆராய்ச்சி. உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். ஜேஆர்எஃப் வாங்கிய ஒரு பெண் அங்கே பிஎச்டி சேரலாம், பட்டத்தை ஏசிஎஸ்ஐஆர் என்கிற அகாடமி கொடுக்கும்.

அங்கே என்ன செய்வாள்? அந்தப் பெண்ணுக்கே இதைத்தான் விரிவாகச் சொன்னேன், ஏனென்றால் அவள் கிராஃப்தான் அந்த வேலை. புதிதாகச் செய்த ஒரு பொடி, கொஞ்சம் கரி, ஒட்டுவதற்கு ஒரு பாலிமர், மூன்றையும் 80-10-10 மாதிரி ஒரு விகிதத்தில் கரைப்பானில் குழைத்தால் கெட்டியான கறுப்பு மை மாதிரி வரும். அதை அலுமினியத் தாளிலோ செம்புத் தாளிலோ ஒரே கனத்தில் இழுத்துப் பூசி, வெற்றிட அடுப்பில் காயவைத்து, வட்டவட்டமாக வெட்டுவார்கள். அப்புறம் கண்ணாடிப் பெட்டி. உள்ளே முழுக்க ஆர்கான் வாயு, ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பெட்டியில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைக்குள் கையை விட்டு, இடுக்கியால் லித்தியம் வில்லையை வைத்து, பிரிப்புத் தாளை வைத்து, இரண்டு மூன்று சொட்டு மின்பகுளி விட்டு, மேல் மூடியைப் போட்டு அழுத்தினால் ஒரு சின்ன செல் தயார். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், கடிகாரத்தில் போடுகிற அதே சைஸ். முதல் ஐம்பது செல் பாழாகும். கை நடுங்கும், வில்லை நகரும், ஷார்ட் ஆகும்.

செல் சரியாக வந்தால் அதைச் சோதிக்கும் கருவியில் மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஏற்ற பத்து மணி நேரம், இறக்க பத்து மணி நேரம் என்று மெதுவாக ஓட்டினால் நூறு சுற்றுக்கு 2,000 மணி நேரம், அதாவது 83 நாள். கொள்ளளவு ஆரம்பத்தில் இருந்ததில் 80 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த செல்லின் கதை முடிந்தது என்று கணக்கு. பிறகு அதைப் பிரித்து எக்ஸ்ரேயில் வைத்து, படிக அமைப்பு எங்கே குலைந்தது என்று தேட வேண்டும். ஆமாம், பதினான்கு ஞாயிறு பொறுமையாகக் குறித்தவளுக்கு இது வேலை. மூன்றாவது நாளே அலுத்துப்போகும் பிள்ளைக்கு இது தண்டனை, அப்படிப்பட்ட பிள்ளையை "டாக்டர் பட்டம் வரும்" என்று ஆசைகாட்டி இந்தப் பக்கம் தள்ளும் பெற்றோரிடமும் நான் இதே அளவுக்குச் சண்டை போடுகிறேன்.

பெரியப்பாவின் "டீச்சர் வேலைதானே" விஷயத்துக்கு வருகிறேன். 2025 வேதியியல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் ரிச்சர்ட் ராப்சன், மெல்போர்ன் பல்கலைக்கழகம். 1974-ல் அவர் செய்துகொண்டிருந்தது சுத்தமான டீச்சர் வேலை, முதலாமாண்டு மாணவர்களுக்குக் காட்ட மரப்பந்துகளில் மூலக்கூறு மாதிரி தயாரிப்பது. எந்தக் கோணத்தில் துளை போட வேண்டும் என்று பட்டறைக்கு எழுதிக் கொடுக்கும்போதுதான், துளை இருக்கும் இடத்திலேயே மூலக்கூறின் வடிவம் ஒளிந்திருக்கிறதே, அணுக்களுக்குப் பதில் மூலக்கூறுகளையே இப்படிக் கோத்தால் என்ன என்று தோன்றியது. பத்து வருடத்துக்கு மேல் அந்த யோசனை அவருக்குள்ளேயே கிடந்தது. 1989-ல்தான் முதல் கட்டுரை. இன்று பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கிற, கரியமில வாயுவை அடைத்து வைக்கிற பொருட்களெல்லாம் இப்படிக் கோத்த மூலக்கூறுச் சட்டகங்களின் குடும்பம். அந்த டீச்சர் வேலையை யாரும் கேவலமாகப் பேச வேண்டாம். சம்பளமும் கேவலம் இல்லை. யுஜிசி விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700, சிஎஸ்ஐஆர் விஞ்ஞானி என்றால் 67,700, படிகள் தனி.

ஆனால் அந்த நாற்காலி சீக்கிரம் வராது. பி.எஸ்சி மூன்று, எம்.எஸ்சி இரண்டு, பிஎச்டி ஐந்து, அதற்குமேல் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ போஸ்ட்டாக் என்கிற தற்காலிக ஆய்வு வேலை இரண்டு மூன்று வருடம். முப்பது வயது தாண்டும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் பட்டம் வாங்குகிறவர்களைவிட ரொம்பக் குறைவு, எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்காதவர்கள் பேட்டரி, பெயின்ட், வினையூக்கி, துருத்தடுப்பு என்று தொழிற்சாலை ஆய்வுக்கூடங்களுக்குப் போகிறார்கள், அதற்கு மனத்தளவில் தயாராக இருந்தால் மட்டும் வரலாம். அம்மாவிடம் தனியாக ஒன்று சொன்னேன். இருபத்திரண்டு வயதில் கல்யாணப் பேச்சை எடுத்து நடுவில் நிறுத்துவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான்காம் வருட பிஎச்டியை நிறுத்துவது பாதிக் கிணறு தாண்டுகிற கதை.

இன்னும் இரண்டு இடங்களில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒன்று, பெயரிலேயே நானோ, அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் என்று பளபளக்கும் இளங்கலைப் படிப்புகளுக்கு லட்சக்கணக்கில் கட்டுவது. அடிப்படைத் தெர்மோடைனமிக்ஸும் குவாண்டமும் தெரியாமல் நானோ படிப்பது அஸ்திவாரம் இல்லாமல் மொட்டைமாடி கட்டுவது, அந்தச் சிறப்புப் பாடமெல்லாம் எம்.எஸ்சிக்கு மேல் வரட்டும். இரண்டு, உதவித்தொகை இல்லாமல் கைக்காசு போட்டு பிஎச்டி. ஒரு தடவை நெட்டில் வரவில்லையா, ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து இன்னொரு தடவை எழுது. காசு கட்டினால் கட்டுரை போடுகிற பத்திரிகை, காசு கட்டினால் சீக்கிரம் முடிகிற பட்டம், இதன் பக்கமே தலைவைத்துப் படுக்காதே. நாளைக்குத் தேர்வுக்குழுவில் உட்காருகிறவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

வழிகாட்டி விஷயமும் இருக்கிறது, அதற்கு இன்னும் வருடங்கள் உள்ளன, இருந்தாலும் சொல்லிவைத்தேன். கைடு எவ்வளவு பெரியவர் என்று பார்ப்பதைவிட, அவரிடம் மூன்றாம் வருடத்தில் இருக்கும் மாணவரைத் தனியாகப் பிடித்து, முன்னால் இருந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், கருவி கெட்டுப்போனால் எத்தனை மாதம் காத்திருக்கிறீர்கள் என்று கேள். அவர் பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி சிரித்தால் அந்தச் சிரிப்பைக் கவனி.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது அலைடு கணக்கு இருக்கிற கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது. அப்புறம் இரண்டாம் வருடத்தில், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரண்டு அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்துக்கு எழுதிப் போடுவது. இரண்டு மாதம் ஒரு நிஜ ஆய்வுக்கூடத்தில் இருந்தால் தெரிந்துவிடும், பிடிக்கிறதா இல்லையா என்று. பிடிக்கவில்லை என்றால் அப்போதுகூட ஒன்றும் குடிமுழுகிப் போகாது, மனை விற்காமல் அப்படியே இருக்கும்.

கிளம்பும்போது அந்தப் பெண், "சார், மார்ச்சுக்கு அப்புறம் கிராஃப் வேகமா இறங்குது, வெயில் காரணமா?" என்று கேட்டாள். இருக்கலாம், ஆனால் வெப்பநிலையை நீ குறிக்கவில்லையே, இனிமேல் அதற்கு ஒரு பத்தி போடு என்றேன். அப்பாவிடம், வேண்டுமானால் உங்கள் அண்ணனிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். அவர் தாளை மறுபடி நான்காக மடித்தார்.

"வேண்டாம் சார். அவர் மகன் கல்விக்கடனுக்கு நான்தான் ஜாமீன் கையெழுத்து போட்டேன். பேங்குல இருந்து இப்ப எனக்குத்தான் போன் வருது."