அப்பா எழுதி வைத்த எண்கள்

கேள்வி: என் அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. முப்பத்தாறு வருடம் லேத் பட்டறையில் டர்னராக இருந்தார். வேலை, வீடு, அதை விட்டால் சிற்றலை ரேடியோ. அதிகம் பேசமாட்டார். முதலாண்டு நினைவு நாளுக்கு அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ‘கடின உழைப்பாளி, பாசமானவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்று மூன்று வரியோடு நின்றுவிடுகிறது. அவருடைய கருவிப் பெட்டியையும் பழைய நோட்டுகளையும் யாருக்காவது கொடுத்து இடத்தைக் காலி செய்யலாம் என்கிறான் அண்ணன். அம்மா எதையும் தொடவிடவில்லை. நோட்டுகளில் முழுக்க எண்கள்தான், ஒன்றும் புரியவில்லை. இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு அவர் ரேடியோவைப் போட்டு வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது சரிதானா? அப்பாவை எனக்கு உண்மையிலேயே தெரியுமா?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களை நான்கைந்து முறை பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு வரி இப்படி இருக்கிறது: 11.3.90, 1515, 9650, 34333, நாடகம், இரண்டு பாட்டு. சிற்றலை கேட்பவர்களுக்கு இது பழகிய மொழி. முதலில் தேதி. அடுத்தது நேரம், ஆனால் உங்கள் வீட்டுக் கடிகார நேரம் இல்லை, உலகப் பொது நேரம். உங்கள் ஊருக்கு எத்தனை மணி வித்தியாசமோ அதைக் கணக்குப் பார்த்தால் அப்பா எத்தனை மணிக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்துவிடும். 9650 என்பது அலைவரிசை, கிலோஹெர்ட்ஸில். ரேடியோ டயலில் 31 மீட்டர் என்று போட்டிருக்கும் இடம் அதுதான்.

34333-க்கு சின்போ என்று பெயர். ஐந்து எண்கள், ஐந்து மதிப்பெண்கள். ஒலி எவ்வளவு பலமாக வந்தது, பக்கத்து நிலையம் எவ்வளவு குறுக்கிட்டது, இரைச்சல் எவ்வளவு, அலை எவ்வளவு ஏறி இறங்கியது, எல்லாம் சேர்த்துக் கேட்க எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போடுவார்கள். ஐந்து என்றால் மிக நன்று. இந்த விவரத்தையும் நிகழ்ச்சிக் குறிப்பையும் எழுதி நிலையத்துக்கு அனுப்பினால், நீங்கள் கேட்டது எங்கள் நிலையம்தான் என்று உறுதி செய்து ஓர் அட்டை வரும். அதை க்யூஎஸ்எல் அட்டை என்பார்கள். பெட்டியின் அடியிலோ பழைய கவர்களுக்குள்ளோ தேடிப் பாருங்கள், அப்பா வாங்கிய அட்டைகள் இருக்க வாய்ப்பு அதிகம்.

1989, 90 நோட்டுகள் மற்றதைவிடத் தடியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிற்றலை வான்வெளியில் உயரே இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் வெகுதூரம் போகிறது. சூரியன் ஏறத்தாழ பதினொரு வருடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வரும்போது அந்த மண்டலம் வலுவாகி, தொலைதூர நிலையங்கள் எளிதாகப் பிடிபடும். 1989-ஐ ஒட்டிய வருடங்கள் அப்படி ஓர் உச்சம். சிற்றலைப் பிரியர்களுக்கு அது திருவிழாக் காலம்.

அப்பேர்ப்பட்ட காலத்தில் அதே பக்கத்தின் கடைசிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். தேதி, நேரம், அலைவரிசை மூன்றும் இருக்கின்றன. ஐந்து எண் எழுத வேண்டிய கட்டம் காலி. அதற்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக, ‘பாப்பாவுக்கு ஜுரம்’. அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒரு வரி கூட இல்லை. பத்தாம் நாள்தான் மறுபடி தொடங்குகிறார்.

அந்தப் பாப்பா நீங்கள்தானே? ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்று நீங்கள் எழுதி நிறுத்திய வரியை அவர் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அப்படியே அச்சிடுங்கள். கீழே இரண்டு வரி விளக்கம் போதும்.

உங்கள் சிக்கல் எழுத வராதது இல்லை. பட்டங்களில் தொடங்குகிறீர்கள், அதுதான். பாசமானவர், உழைப்பாளி என்ற சொற்கள் எந்த அப்பாவுக்கும் பொருந்தும், அதனால்தான் மூன்று வரியில் தீர்ந்துபோகின்றன. அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். லேத்தில் நிற்பவர்கள் மோதிரம், கைக்கடிகாரம் போட்டுக்கொண்டு வேலை செய்யமாட்டார்கள். முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்கு மேலே மடித்துவிடுவார்கள். சுற்றுகிற ஜாபில், அதாவது கடைகிற உலோகத் துண்டில், நுனித்துணி சிக்கினால் போதும், கையையே உள்ளே இழுத்துவிடும். உங்கள் அப்பா மோதிரம் போட்டிருந்தாரா? வேலைக்குப் போகும்போது அதை எங்கே கழற்றி வைப்பார்? திரும்பி வந்ததும் முதல் வேலையாக எடுத்துப் போட்டுக்கொள்வாரா, மறந்துவிட்டு அம்மா எடுத்துக் கொடுப்பாரா? இதற்குப் பதில் தெரிந்தால் ஒரு பத்தி எழுதிவிடலாம். தெரியாவிட்டால் அம்மாவிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது.

வீட்டுக்கு வரும்போது அவர் மேல் எண்ணெய் வாசனை இருந்திருக்கும். உலோகத்தைக் கடையும்போது ஊற்றும் பால் போன்ற கூலண்டின் வாசனை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. பெட்டியைத் திறந்தால் இன்னும் அது இருக்கும், திறந்த உடனே அழுகை முட்டலாம். மற்ற புலன்களின் செய்தி மூளையில் ஒரு நடுநிலையத்தைத் தாண்டித்தான் போகும். வாசனை மட்டும் நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளுக்கு நேரடியாகப் போய்விடும். அதனால் பயப்படாமல் திறங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அப்புறம் அந்த வாசனையோடு சேர்ந்து என்ன ஞாபகம் வந்ததோ அதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் கழித்து எழுதலாம் என்று விட்டால் பாதி போய்விடும்.

பெட்டியைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எதையும் வெளியே எடுப்பதற்கு முன்னால் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று படம் எடுங்கள், தட்டுத் தட்டாக. கையெட்டும் இடத்தில் எதை வைத்திருந்தார், எதைத் துணி சுற்றி அடியில் வைத்திருந்தார் என்பதெல்லாம் அவருடைய பழக்கம். ஒருமுறை கலைத்துவிட்டால் யாராலும் திரும்ப அடுக்க முடியாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அப்பா தையல்காரர். அவருடைய பெரிய கத்திரியில் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்று எங்களை அருகே விடமாட்டார். அவர் போன இரண்டாம் மாதம் மெஷினையும் கத்திரியையும் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டோம். கட்டைவிரல் நுழையும் வளையத்தில் அவர் சுற்றியிருந்த துணி என்ன நிறம் என்று தங்கையும் நானும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஒரு படம் எடுத்திருக்கலாம்.

அண்ணனைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போவதே அவருக்குத் தாங்க முடியாமல் இருக்கலாம், ஆண்கள் பலர் அதை ‘இடத்தை அடைக்குது’ என்றுதான் சொல்வார்கள். அம்மாவையும் அவசரப்படுத்த வேண்டாம். ஓராண்டு முடியும்வரை எதையும் கொடுக்க வேண்டாம் என்று மூன்று பேரும் பேசி வையுங்கள். நோட்டுகளை மட்டும் எந்தக் காலத்திலும் கொடுக்காதீர்கள். பெட்டியை அண்ணன் கண்ணில் படாத அறைக்கு மாற்றலாம். அதற்குப் பிறகு, குழந்தைகளிடம் காட்ட நான்கைந்து கருவிகளை வைத்துக்கொண்டு மீதியை இப்போது லேத்தில் வேலை கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். அவர் தீட்டி வைத்த டூல் பிட்கள், லேத்தில் மாட்டும் அந்தச் சின்ன வெட்டுக் கருவிகள், கண்ணாடி அலமாரியில் இருப்பதைவிட இரும்பைச் சீவிக்கொண்டிருக்கட்டும். இதில் அம்மா வேறு மாதிரி சொன்னால் அம்மா சொல்வதே சரி.

அதுவரை பராமரிப்பு பெரிய வேலை இல்லை. இரும்புக் கருவிகளை உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய மெஷின் ஆயில் தடவி வையுங்கள். அவர் பொறித்த எழுத்து ஏதாவது இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நோட்டுகளை லேமினேட் செய்ய வேண்டாம். துருப்பிடிக்கும் கிளிப்பையும் பின்னையும் எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

ரேடியோவில் கேட்காத நேரத்தில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும். நீங்கள் ராத்திரியில் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. இறந்தவரை மனதிலிருந்து விலக்கினால்தான் துக்கம் ஆறும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1990-களில் அந்த எண்ணத்தை ஆய்வாளர்களே மாற்றிக்கொண்டார்கள். போனவரோடு ஏதாவது ஒரு வகையில் உறவைத் தொடர்வது இயல்பானது, பலருக்கு அது ஆறுதலும்கூட என்கிறார்கள். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் மாதக்கணக்கில் கெட்டு, அன்றாட வாழ்க்கையே நின்றுபோனதுபோல் இருந்தால் மட்டும் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் வெறும் இரைச்சல் என்கிறீர்கள். அந்தச் சடசடப்பில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டும் மின்னலும் இருக்கிறது. அதைப் பொறுத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கத்தான் அப்பா அத்தனை நாள் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர் என்று சொன்னீர்கள், நன்றாகக் காது கொடுக்கத் தெரிந்தவர் என்று நான் நினைக்கிறேன். இன்று ராத்திரி டயலை 31 மீட்டரில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சிற்றலை நிலையங்கள் குறைந்துவிட்டாலும் முழுதாக நிற்கவில்லை. ஏதாவது பிடிபட்டால் ஐந்து மதிப்பெண் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், பட்டறையில் அவரோடு நின்றவர்களை இந்த மாதமே போய்ப் பாருங்கள். அவர்களுக்கும் வயதாகிறது. ‘அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்று முடித்துவிடுவார்கள். பெட்டியிலிருந்து ஒரு கருவியைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். இதை எதற்கு வைத்திருந்தார், எந்த வேலையை ஒத்துக்கொள்ளமாட்டார், எந்த ஜாபைக் கெடுத்துவிட்டுத் தூங்காமல் இருந்தார், யாருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார் என்று கேளுங்கள். அவர் கோபக்காரர் என்று யாராவது சொன்னால் அதையும் எழுதுங்கள். குறையே இல்லாத அப்பாவைப் படித்தால் பேரப்பிள்ளைகளுக்கு அவர் யாரோ போலத்தான் தெரிவார்.

கடைசியாக இரண்டாவது படம். அந்தப் பக்கத்தில் தலைப்பு இல்லை, தேதி இல்லை. மூன்றே வரி: பாப்பா 0.05, பெரியவன் 0.07, அவள் 0.08. ரேடியோ கணக்கு இல்லை என்பது நிச்சயம். என் ஊகத்தைச் சொல்கிறேன், அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டர்னர்கள் கையில் மைக்ரோமீட்டர் இருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 0.05-லிருந்து 0.1 மில்லிமீட்டருக்குள் வரும், சின்னக் குழந்தைக்கு மெல்லியதாக இருக்கும். அப்பா ஒரு நாள் உங்கள் மூன்று பேர் முடியையும் அளந்து பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பெட்டியில் மைக்ரோமீட்டர் இருந்தால் எடுங்கள். இரண்டு முகங்களையும் துடைத்துவிட்டு, மூடிப் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முடியை வாங்கி நடுவில் வையுங்கள். நுனியில் இருக்கும் ராட்செட்டைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள், மூன்று க்ளிக் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். சுற்றுகிற உருளையில் ஐம்பது கோடுகள் இருக்கும், ஒரு கோடு 0.01. அளந்ததை அப்பா எழுதியதற்குக் கீழே தேதி போட்டு எழுதுங்கள், அந்தப் பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது. மைக்ரோமீட்டரைத் திரும்ப வைக்கும்போது இறுக்கி மூடாதீர்கள், முகங்கள் ஒன்றையொன்று தொடாமல் சிறிது இடைவெளி விட்டு வையுங்கள். அண்ணனையும் கூப்பிட மறக்காதீர்கள், அவருக்கு 0.07 இருந்திருக்கிறது.