சொராரிட்டிச் சேர்க்கை: படத்தை விடுங்கள், படிவத்தைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் சொராரிட்டியின் (கல்லூரி மாணவிகளுக்கான உறுப்பினர் சங்கம்) புது உறுப்பினர் சேர்க்கைக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். வெள்ளையர் அல்லாத பெண்கள் எங்களில் மிகச் சிலர். விளம்பரப் படங்களில் எங்களை முன்வரிசையில் நிறுத்தினால் மற்றவர்களும் வருவார்கள் என்கிறார்கள். அது போதுமா?

பதில்: போதாது. ஆள் வராதது பாதிப் பிரச்சினைதான். வந்தவளை எப்படித் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்ததை உங்கள் குழு தெரிந்துகொள்ள வேண்டும். 1963இல் கருப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்த இடம் அது. ஐம்பது ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட் ஒரு செய்தி வெளியிட்டது. நல்ல மதிப்பெண்ணும் குடும்பப் பின்புலமும் உள்ள கருப்பினப் பெண் ஒருத்தியைத் தங்கள் சொராரிட்டிகளில் சேர்த்துக்கொள்ள அங்குள்ள மாணவிகள் பலர் தயாராக இருந்தும், முன்னாள் உறுப்பினர்கள் தடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் ஜூடி பானர் தலையிட்டு, சேர்க்கையை மறுபடி திறக்கச் சொன்னார். சில நாட்களிலேயே கருப்பின மாணவிகளுக்கு அழைப்புகள் போயின. தடை மாணவிகளின் மனதில் மட்டும் இல்லை, நடைமுறைக்குள்ளேயே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனவே உங்கள் நடைமுறையைப் பிரித்துப் பாருங்கள். முன்னாள் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் இன்னும் கேட்கிறீர்களா? பாட்டியோ அம்மாவோ உறுப்பினராக இருந்த பெண்ணுக்கு, அதாவது லெகசிக்கு, முன்னுரிமை உண்டா? வெள்ளையர் மட்டும் என்று விதியே எழுதிவைத்திருந்த காலத்தில் சேர்ந்த பாட்டிக்கு வெள்ளைப் பேத்திதான் பெரும்பாலும் இருப்பாள். அந்தப் பழைய விதி அழிந்தும் லெகசி வழியாக வேலை செய்துகொண்டே இருக்கிறது. 2020க்குப் பிறகு சொராரிட்டிகளின் தேசியத் தலைமையகங்கள் பல இந்த முன்னுரிமையைக் கைவிட்டுவிட்டன. உங்கள் தலைமையகத்தின் இன்றைய விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல கிளைகளில் விதி மாறியும் பழக்கம் மாறுவதில்லை.

அடுத்தது, யாரைச் சேர்ப்பது என்று உறுப்பினர்கள் நடத்தும் ஓட்டெடுப்பு. “நமக்கு ஒத்துவரமாட்டாள்” என்ற ஒற்றை வரியில் ஒரு பெண்ணை ஒதுக்க விடாதீர்கள். ஆபத்தான வரி அதுதான். நிறத்தைச் சொல்லாமலே நிறத்தால் ஒதுக்க அது இடம் கொடுக்கிறது. என்ன பேசினாள், எதில் ஆர்வம் காட்டினாள், ஏன் வேண்டாம் என்று எழுதச் சொல்லுங்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்கட்டும்.

“கருப்பினப் பெண்களுக்குத்தான் அவர்களுடைய சொராரிட்டிகள் இருக்கின்றனவே” என்று யாராவது சொல்வார்கள். 1908இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கருப்பின மாணவிகள் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெருமைக்குரிய அமைப்பு. அதைக் காட்டி உங்கள் வாசலை மூடுவதை ஏற்காதீர்கள்.

கடைசியாக, பணம். சந்தா, உடைச் செலவு, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எல்லாவற்றையும் முதல் நாளே வெளிப்படையாகப் போடுங்கள். தவணை வசதியையும் உதவித்தொகையையும் கூடவே சொல்லுங்கள்.

படத்துக்கு நிற்பதா என்பது உங்கள் விருப்பம். நிற்பதானால், ஓட்டெடுப்பு விதியை எழுதும் கூட்டத்திலும் எனக்கு இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு நில்லுங்கள்.